எவ்வளவு நிரூபித்தால் போதும்? பிரிட்டனின் விண்ட்ரஷ் இழப்பீடும் ஆவணம் இல்லாதவர்களின் நியாயமும்

2019 ஏப்ரல் 3ஆம் தேதி பிரிட்டன் அரசு ஓர் இழப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் சட்டப்படி அந்நாட்டில் வாழ்ந்தும், சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தப்பட்டவர்களுக்கான திட்டம் அது. சுமார் 15,000 பேர் விண்ணப்பிப்பார்கள், 20 கோடி பவுண்டு வரை செலவாகலாம் என்று அரசே கணக்குப் போட்டிருந்தது. ஓராண்டு முடிந்தது. பணம் கைக்கு வந்தவர்கள் 36 பேர். அத்தனை பேருக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை 62,198 பவுண்டு.

அரசு மன்னிப்புக் கேட்டிருந்தது. உள்துறை அமைச்சர் பதவி விலகியிருந்தார். தவறு நடந்ததை யாரும் மறுக்கவில்லை. இருந்தும் பணம் போய்ச் சேரவில்லை. காரணங்கள் பல இருந்தாலும் முதன்மையானது நிரூபணம். தனக்கு நேர்ந்ததைப் பாதிக்கப்பட்டவர் எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும், எதை வைத்து நிரூபிக்க வேண்டும் என்று வகுத்த விதிகளே வாசலில் நின்று மறித்தன.

இழப்பீடு என்றதும் நம் கண் தொகையின் மேல்தான் போகிறது. உண்மையில் ஒரு திட்டம் யாருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதன் நிரூபண விதி. அந்த விதி எப்படி வேலை செய்கிறது, அதில் எங்கே அநியாயம் நுழைகிறது, எப்படி அதைச் சரிசெய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வேலைக்கு ஆள் போதவில்லை. 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து பல நூறு பேரை டில்பரி துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் கப்பலின் பெயரே பிறகு ஒரு தலைமுறையின் பெயராயிற்று. பேருந்துகளிலும் ரயில்களிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் அவர்கள் உழைத்தார்கள். அன்றைய சட்டப்படி, பேரரசின் குடிமக்கள் என்ற உரிமையில் வந்தவர்கள் அவர்கள். பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே பெயர் சேர்க்கப்பட்டு வந்த குழந்தைகளும் உண்டு.

1971ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் 1973 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே வந்து நிலைபெற்றிருந்த காமன்வெல்த் குடிமக்கள் தொடர்ந்து வாழலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் அந்த உரிமையைக் காட்டும் ஆவணம் எதையும் அரசு அவர்களுக்கு வழங்கவில்லை. யாருக்கெல்லாம் அந்த உரிமை இருக்கிறது என்ற பட்டியலையும் வைத்துக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகள் அதனால் பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை. வேலை செய்தார்கள், வரி கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள்.

2012இல் அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்களுக்கு நாட்டையே ஒரு 'விரோதச் சூழல்' ஆக்கப்போவதாக அறிவித்தார். 2014, 2016 ஆண்டுகளில் வந்த சட்டங்கள் அதை நடைமுறையாக்கின. வீட்டு உரிமையாளர், முதலாளி, வங்கி, மருத்துவமனை என ஒவ்வொருவரும் எதிரில் நிற்பவரின் குடியேற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. வேலை செய்யும் உரிமை இல்லாத ஒருவரைச் சரிபார்க்காமல் வேலைக்கு வைத்தால், அப்போது ஓர் ஆளுக்கு 20,000 பவுண்டு வரை அபராதம். அபராதத்துக்கு அஞ்சிய முதலாளிகள், காகிதம் இல்லாதவர்களை வெளியே அனுப்பினார்கள்.

இப்படி வேலையை இழந்தவர்கள், வீட்டை இழந்தவர்கள், அரசு உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்பட்டவர்கள் என்று செய்திகள் வரத் தொடங்கின. 'கார்டியன்' நாளிதழின் அமீலியா ஜென்டில்மேன் 2017 முதல் இவற்றைத் தொடர்ந்து எழுதினார். 2018 ஏப்ரலில் விவகாரம் வெடித்தது. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். சுமார் 11,800 கோப்புகளைப் புரட்டிய உள்துறை, தவறாகத் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருக்கலாம் அல்லது நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டிருக்கலாம் என்று 164 பேரைக் கண்டறிந்தது. அவர்களில் 83 பேர் வெளியேற்றப்பட்டவர்கள்.

நிரூபணம் என்பதற்குள் மூன்று கேள்விகள்

"நிரூபியுங்கள்" என்று ஓர் அலுவலகம் சொல்லும்போது அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த இடத்தில் அநியாயம் நடக்கிறது என்பது தெரியும்.

முதல் கேள்வி, யார் நிரூபிக்க வேண்டும் என்பது. இதைச் சட்டத்தில் நிரூபிக்கும் பொறுப்பு என்பார்கள். குற்ற வழக்கில் அது அரசுத் தரப்பின் பொறுப்பு. சிவில் வழக்கில் பெரும்பாலும் வழக்குத் தொடுப்பவரின் பொறுப்பு. இழப்பீட்டுத் திட்டத்தில் அதை யார்மேல் வைப்பது என்பது திட்டத்தை வகுப்பவர் எடுக்கும் முடிவு.

இரண்டாவது, எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்பது. இதுதான் நிரூபண அளவு. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நிரபராதி ஒருவர் தண்டிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த அளவு வேண்டுமென்றே மிக உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கடன், விபத்து, ஒப்பந்தம் போன்ற சிவில் வழக்குகளில் அவ்வளவு தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பில்லை என்பதைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் போதும். தராசின் ஒரு தட்டு சற்றே தாழ்ந்தாலும் தீர்ப்பு அந்தப் பக்கம்தான்.

மூன்றாவது, எது சான்றாகும் என்பது. அரசு முத்திரை குத்திய காகிதம் மட்டும்தானா? பள்ளிப் பதிவேடு, மருத்துவக் குறிப்பு, சம்பளச் சீட்டு, பழைய புகைப்படம், அண்டைவீட்டார் எழுதித் தரும் வாக்குமூலம், பாதிக்கப்பட்டவரின் சொந்த வாக்குமூலம் ஆகியவற்றுக்கும் மதிப்பு உண்டா?

இந்த மூன்றில் ஒன்றை மட்டும் இளக்கிவிட்டு மற்ற இரண்டையும் இறுக்கிப் பிடித்தால் பலன் இல்லை. 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால் போதும்' என்று விதியில் எழுதிவிட்டு, அதை முடிவுசெய்ய அரசு ஆவணம் மட்டுமே செல்லும் என்று அலுவலர் நடந்துகொண்டால், எழுதிய விதி ஏட்டோடு நிற்கும். விண்ட்ரஷ் திட்டத்தில் மூன்றுமே ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

முதல் சுவர்: "நான் இங்கேதான் இருந்தேன்"

அறுபதுகளின் நடுவில், எட்டு வயதில், அம்மாவின் கடவுச்சீட்டில் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அவருக்கு உரிமை இருக்கிறது என்பதற்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: 1973க்கு முன் வந்தார் என்பது, அதன்பின் இங்கேயே தொடர்ந்து வாழ்ந்தார் என்பது.

வந்த நாளைக் காட்டக்கூடிய வருகை அட்டைகள் உள்துறையிடமே ஒரு காலத்தில் இருந்தன. பல ஆயிரம் அட்டைகளை அந்தத் துறை 2010இல் அழித்துவிட்டது. அட்டைகள் வந்த தேதியைத்தான் காட்டும், தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்டாது என்று அரசு பின்னர் வாதிட்டது. அது ஓரளவு உண்மையே. ஆனாலும் வந்த தேதிதான் பலருக்கு இல்லாமல் போன சான்று.

தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட, ஆண்டுக்குக் குறைந்தது ஓர் அதிகாரபூர்வ ஆவணம் என்று பல பத்தாண்டுகளுக்கும் கேட்கப்பட்டது. நம்மில் யாரால் 1978ஆம் ஆண்டுக்கு ஒன்று, 1979க்கு ஒன்று என்று எடுத்துக் கொடுக்க முடியும்? பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. பழைய மருத்துவர்கள் இறந்துபோயிருந்தார்கள். கம்பெனிகள் கைமாறியிருந்தன. சில ஆண்டுகளுக்கு மேல் பதிவேடுகளை வைத்திருக்க அந்த அமைப்புகளுக்குச் சட்டக் கட்டாயமும் இல்லை.

இத்தனைக்கும் அந்தப் பெண் வேலை செய்த ஒவ்வொரு வாரத்துக்கும் தேசியக் காப்பீட்டுச் சந்தா பிடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பதிவு அரசின் கையில்தான் இருந்தது. ஒரு துறை அவர் சந்தாவை வாங்கிப் பதிந்துகொண்டிருக்க, இன்னொரு துறை 'நீங்கள் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டது. நிரூபிக்கும் பொறுப்பு தவறான தோளில் ஏற்றப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

2018க்குப் பிறகு இந்தப் பகுதி கணிசமாக மாறியது. உரிமையை உறுதிசெய்யும் பணிக்குத் தனிக் குழு அமைந்தது. விண்ணப்பதாரரோடு பேசுவதும், பிற துறைகளின் பதிவுகளைத் தேடி எடுப்பதும் அலுவலரின் வேலையாயிற்று. அதன் விளைவாக 16,000க்கும் மேற்பட்டோர் தம் நிலையை உறுதிசெய்யும் ஆவணங்களைப் பெற்றார்கள். பொறுப்பை அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொண்டதும் கதவு திறந்தது. இழப்பீட்டிலும் அப்படியே நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

இரண்டாவது சுவர்: "இதை நான் இழந்தேன்"

தன் உரிமையை உறுதிசெய்துகொண்ட ஒருவர் அடுத்து இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறார். இங்கே அவர் மேலும் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். இழப்பு நேர்ந்தது என்பது ஒன்று. அந்த இழப்பு, தன் சட்ட நிலையைக் காட்ட ஆவணம் இல்லாததால்தான் நேர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கடினம்.

வேலை இழப்பை எடுத்துக்கொள்வோம். "உங்கள் காகிதங்கள் சரியாக இல்லை, நாளை முதல் வர வேண்டாம்" என்று மேற்பார்வையாளர் வாய்வழியாகச் சொல்லியிருப்பார். கடிதம் இருக்காது. அதன்பின் ஐந்தாறு இடங்களில் வேலை கேட்டிருப்பார். கடவுச்சீட்டைக் கேட்டதும் திரும்பியிருப்பார். வேலை தராதவர்கள் காரணத்தை எழுதித் தருவதில்லை. வாடகை வீடு மறுக்கப்பட்டதற்கு ரசீது இல்லை. மகள் வீட்டுச் சோபாவில் இரண்டு ஆண்டுகள் படுத்திருந்ததற்கு ஒப்பந்தப் பத்திரம் இல்லை. வீட்டை இழந்து இடம் மாறிக்கொண்டே இருந்தவர்களிடம், முன்பு இருந்த காகிதங்களும் தொலைந்துபோயிருந்தன. அதிகம் பாதிக்கப்பட்டவர் யாரோ அவரிடமே ஆவணம் மிகக் குறைவாக இருக்கும் என்பது இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிலும் காணப்படும் உண்மை. ஆவணத்தின் கனத்தை வைத்து இழப்பீட்டை அளந்தால், குறைவாக இழந்தவருக்கு அதிகமும் எல்லாம் இழந்தவருக்குக் குறைவும் போகும்.

திட்டத்தின் ஆரம்பகாலக் கையேட்டில், வேலை இழப்பு போன்ற சில வகைகளுக்கு அலுவலர் சந்தேகத்துக்கு இடமின்றி உறுதிகொள்ள வேண்டும் என்ற அளவு வைக்கப்பட்டிருந்தது. ஒருவரைக் குற்றவாளியாக்கத் தேவைப்படும் அளவு அது. அரசால் தவறிழைக்கப்பட்டு, அந்தத் தவறுக்கு மன்னிப்பும் கேட்கப்பட்டவர்கள், தம் இழப்பைக் காட்டக் குற்றவியல் அளவைத் தாண்ட வேண்டியிருந்தது. இழப்பைக் குறைக்கத் தாமே தக்க முயற்சி எடுத்தோமா என்பதையும் அவர்கள் காட்ட வேண்டியிருந்தது.

விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். பின்னாளில் அது 44 பக்கம் வரை நீண்டது. ஒரு விண்ணப்பத்தை முடிக்க ஓர் அலுவலருக்கு 30 மணி நேரம் ஆகும் என்று உள்துறை முதலில் எண்ணியிருந்தது. உண்மையில் 154 மணி நேரம் ஆகிறது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2021 மே மாத அறிக்கையில் சொன்னது. கடுமையான நிரூபண விதி பாதிக்கப்பட்டவரை மட்டும் அலைக்கழிப்பதில்லை. அரசின் நேரத்தையும் மக்கள் வரிப்பணத்தையும் சேர்த்தே தின்கிறது.

சில வரிகள் மாறியபோது

பாதிக்கப்பட்டவர்கள், சட்ட உதவி மையங்கள், நாடாளுமன்றக் குழுக்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தால் 2020இல் மாற்றங்கள் வந்தன. குற்றவியல் அளவு நீக்கப்பட்டது. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால் போதும் என்ற சிவில் அளவு எல்லா வகைகளுக்கும் பொதுவாயிற்று.

2020 டிசம்பரில் மிகப் பெரிய மாற்றம் வந்தது. மன உளைச்சல், குடும்பப் பிரிவு, அவமானம் போன்ற, ரசீது காட்ட முடியாத பாதிப்புகளுக்கு 'வாழ்க்கை மீதான தாக்கம்' என்று ஒரு தலைப்பு உண்டு. அதில் குறைந்தபட்சத் தொகை 250 பவுண்டாக இருந்தது. 10,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. உச்சத் தொகை 10,000இலிருந்து 1,00,000 பவுண்டுக்குப் போனது. தாக்கம் இருந்தது என்பது தெரிந்தவுடனேயே 10,000 பவுண்டை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மற்ற இழப்புகளைப் பிறகு கணக்கிடலாம் என்றும் விதி மாறியது.

விளைவு உடனே தெரிந்தது. முதல் ஓராண்டில் 36 பேர் என்று இருந்த எண்ணிக்கை, 2021 மார்ச் முடிவில் 633 பேர், 1 கோடியே 43 லட்சம் பவுண்டு என்று ஆனது. அந்தத் தொகையின் பெரும்பகுதி டிசம்பர் மாற்றத்துக்குப் பின் வந்த சில மாதங்களில் கொடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் அதே ஆட்கள், கோப்புகள் அதே கோப்புகள், அரசும் அதே அரசு. மாறியது விதி. இன்று வரை கொடுத்த மொத்தம் 10 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

ஆனாலும் நாடாளுமன்ற உள்துறை விவகாரக் குழு 2021 நவம்பரில் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எதிர்பார்த்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரே விண்ணப்பித்திருந்தார்கள். இழப்பீடு வருமுன்பே 23 பேர் இறந்துபோயிருந்தார்கள். காகிதத்தில் அளவு மாறினாலும் மேசையில் அலுவலரின் பழக்கம் அவ்வளவு வேகமாக மாறவில்லை. இன்னும் இன்னும் ஆவணங்கள் கேட்கப்பட்டன. திட்டத்தை உள்துறையிடமிருந்து எடுத்துச் சுதந்திரமான அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை.

அரசு சொல்லும் காரணம்

அரசின் பக்கத்தையும் கேட்க வேண்டும். கொடுப்பது மக்கள் பணம். பொய்க் கோரிக்கைகள் வரலாம். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட இருவருக்கு வெவ்வேறு தொகை போகக் கூடாது. பெரிய தொகை கேட்பவர் அதற்கேற்ற சான்று காட்டுவது நியாயம்தானே?

இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நிரூபண அளவும் இரண்டு விதமான தவறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அளவை உயர்த்தினால் தகுதியற்றவருக்குப் பணம் போவது குறையும். தகுதியுள்ளவர் வெறுங்கையோடு திரும்புவது கூடும். தாழ்த்தினால் இது தலைகீழாகும். இரண்டு தவறையும் ஒரேயடியாக ஒழிக்க முடியாது. ஆகவே கேட்க வேண்டியது, எந்தத் தவறு அதிகக் கொடியது என்பதுதான். தகுதியற்ற சிலருக்குச் சில ஆயிரம் பவுண்டு போவதா? அறுபது ஆண்டு உழைத்து, சொந்த நாட்டிலேயே அந்நியராக்கப்பட்ட ஒருவர் இரண்டாம் முறையும் நம்பப்படாமல் இறந்துபோவதா?

இங்கே மற்றொரு வேறுபாடும் உண்டு. சாதாரண வழக்கில் நீதிமன்றம் இரு தரப்புக்கும் வெளியே நிற்கிறது. விண்ட்ரஷ் திட்டத்தில் தவறு செய்த துறையே விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறது, முடிவெடுக்கிறது, பணம் கொடுக்கிறது. முதல் மறுஆய்வும் அதற்குள்ளேயே நடக்கிறது. இரண்டாம் மறுஆய்வு, வரித்துறைப் புகார்களைப் பார்க்கும் ஒரு வெளி அலுவலகத்திடம் போகிறது. தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை கிடையாது. இத்தகைய அமைப்பில் சந்தேகத்தின் பலன் தானாகவே துறையின் பக்கம் சாயும். சாயாமலிருக்க வேண்டுமானால் அதை விதியிலேயே எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதி வைத்த நாடு ஒன்று உண்டு.

ஒரே மக்கள், இரண்டு சட்டங்கள்

1942இல் அமெரிக்கா தன் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. சுமார் 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். மற்றவர்கள் ஜப்பானிலிருந்து குடியேறிய மூத்த தலைமுறையினர். குடியுரிமை பெறவே சட்டம் அவர்களை அப்போது அனுமதிக்கவில்லை. சில நாள் அவகாசத்தில் வீடு, கடை, பண்ணை, படகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையில் தூக்க முடிந்ததோடு போனார்கள்.

இவர்களுக்காக அமெரிக்கா 1948இல் ஒரு சட்டமும் 1988இல் மற்றொரு சட்டமும் கொண்டுவந்தது. இரண்டும் நிரூபணத்தைக் கையாண்ட விதம் நேர்மாறானது.

1948ஆம் ஆண்டுச் சட்டம், சொத்து இழப்பை ஒவ்வொருவரும் ஆவணத்தோடு நிரூபிக்கச் சொன்னது. இழந்த வருமானத்துக்கும் பட்ட துன்பத்துக்கும் அதில் இடமே இல்லை. சில நாள் அவகாசத்தில் வெளியேறியவர்களிடம் ரசீது எங்கே இருக்கும்? வருமான வரிக் கணக்கைக் காட்டலாம் என்றால், அந்த ஆண்டுகளின் பதிவேடுகளில் பெரும்பகுதியை வரித்துறை அழித்துவிட்டிருந்தது. விண்ட்ரஷ் வருகை அட்டைகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்த அதே கதை. பணி நகராததால் 1951இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: கேட்ட தொகையில் முக்கால் பங்கு அல்லது 2,500 டாலர், எது குறைவோ அதை ஏற்றுக்கொண்டு சமரசமாக முடித்துக்கொள்ளலாம். அலைச்சலுக்கு அஞ்சிப் பலர் ஒப்புக்கொண்டார்கள். ஏறத்தாழ 26,500 கோரிக்கைகளில் கேட்ட தொகை 14.8 கோடி டாலர். கொடுத்தது சுமார் 3.7 கோடி. கடைசிக் கோரிக்கை முடிய 1965 ஆயிற்று.

1988 ஆகஸ்டில் அதிபர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட குடிமைச் சுதந்திரங்கள் சட்டம் மூன்று கேள்விகளுக்கும் வேறு விடை கொடுத்தது. யார் நிரூபிக்க வேண்டும்? அரசே தன்னிடமுள்ள பதிவேடுகளைக் கொண்டு, விண்ணப்பம் எதுவும் கேட்காமல், தகுதியுள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டம் அட்டர்னி ஜெனரலுக்கு ஆணையிட்டது. எந்த அளவுக்கு? ஆதரவான சான்றும் எதிரான சான்றும் ஏறக்குறையச் சமமாக இருந்தால், சந்தேகத்தின் பலன் பாதிக்கப்பட்டவருக்கே போக வேண்டும் என்று எழுதப்பட்டது. எது சான்றாகும்? இழப்பை நிரூபிக்கவே தேவையில்லை. முகாமில் அடைக்கப்பட்டார் என்பது போதும். ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர். 1990 அக்டோபரில் மிக மூத்தவர்களுக்கு முதலில் காசோலை போனது. முடிவில் 82,219 பேர் பெற்றார்கள்.

இந்தச் சட்டமும் குறையற்றது இல்லை. பெரும் சொத்தை இழந்தவருக்கும் அதே 20,000தான். 1988க்கு முன் இறந்தவர்களின் வாரிசுகளுக்கு எதுவும் இல்லை. பெரு போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டு அதே முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானியர்கள், அமெரிக்காவின் குடிமக்களோ நிரந்தரக் குடியிருப்பாளர்களோ இல்லை என்று வெளியே நிறுத்தப்பட்டார்கள். வழக்காடி, 1998இல்தான் ஆளுக்கு 5,000 டாலர் என்ற சமரசம் கிடைத்தது. நிரூபணத்தை எளிதாக்கினாலும் தகுதி வரையறை குறுகலாக இருந்தால் சுவர் வேறிடத்தில் எழும் என்பது இதிலுள்ள எச்சரிக்கை.

நியாயமான விதி எப்படி இருக்கும்?

இந்த அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால், எந்த இழப்பீட்டுத் திட்டத்தையும் உரசிப் பார்க்கச் சில கேள்விகள் கிடைக்கின்றன.

சான்று யார் கையில் இருக்கிறது? அரசின் பதிவேட்டில் இருப்பதை அரசே தேட வேண்டும். அரசு அழித்துவிட்டதால் இல்லாமல் போன சான்றின் இழப்பும் அரசையே சேர வேண்டும்.

சந்தேகத்தின் பலன் யாருக்கு? எழுதாமல் விட்டால் அது முடிவெடுப்பவருக்குப் போய்விடும். பாதிக்கப்பட்டவருக்கு என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டுமா? யாரிடமும் ரசீது இருக்க முடியாத பாதிப்புகளுக்கு நிலையான தொகை வேண்டும். அதைவிட அதிகம் இழந்தவர்கள் சான்று காட்டிக் கூடுதலாகக் கேட்க வழியும் வேண்டும். அஞ்சலகக் கணினிக் கோளாறால் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டு, பின்னர் தண்டனை ரத்தான அஞ்சலக மேலாளர்களுக்கு 2023இல் பிரிட்டன் இதைத்தான் செய்தது: 6,00,000 பவுண்டை நிலையாகப் பெற்றுக்கொள்ளலாம், இல்லையேல் முழுக் கணக்கையும் காட்டிக் கேட்கலாம். அவர்களுக்கு வழக்கறிஞர் செலவும் கொடுக்கப்பட்டது. விண்ட்ரஷ் இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு அரசின் சட்ட உதவி கிடையாது. எளிய திட்டம், வழக்கறிஞர் தேவையில்லை என்பது அரசின் நிலைப்பாடு. முதலில் நிராகரிக்கப்பட்டு, வழக்கறிஞர் துணையோடு மறுபடி கேட்டபோது பெருந்தொகை பெற்றவர்கள் இருப்பதால் அந்த வாதம் நிற்காது.

முடிவெடுப்பது யார்? தவறு செய்த துறையே தன் தவறின் விலையைத் தீர்மானிக்கக் கூடாது. அசுத்த ரத்தம் ஏற்றப்பட்டு நோயுற்றவர்களுக்காக பிரிட்டனே 2024இல் தனி இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. அதே ஏற்பாட்டை விண்ட்ரஷ் விவகாரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுக்க நியாயம் இல்லை.

எவ்வளவு காலம் ஆகும்? பாதிக்கப்பட்டவர்களில் பலர் எழுபது, எண்பது வயதைத் தொட்டவர்கள். மூத்தவர்களையும் நோயாளிகளையும் முதலில் பார்ப்பது, தெளிவான பகுதிக்கு உடனே முன்பணம் கொடுப்பது ஆகியவை இரக்கத்தால் செய்யும் சலுகைகளாக இருக்கக் கூடாது. உரிமையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்.

நமக்கும் இதில் உறவு உண்டு

விண்ட்ரஷ் என்றதும் கரீபியர்களே நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் திட்டம் காமன்வெல்த் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 1973க்கு முன் இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து பிரிட்டன் சென்று நிலைபெற்றவர்களும், அவர்களின் பிள்ளைகளில் பலரும், இறந்தவர்களின் வாரிசுகளும் இதற்குள் வருவார்கள். எந்த நாட்டினராயினும் 1988 முடிவதற்குள் வந்து நிலைபெற்றவர்களுக்கும் இடமுண்டு. விண்ணப்பிக்க முதலில் கடைசித் தேதி வைத்திருந்தார்கள். 2021இல் அதை எடுத்துவிட்டார்கள்.

தம் நிலையைக் காட்ட முடியாமல் வேலையோ வீடோ சிகிச்சையோ மறுக்கப்பட்டவர்கள் யாரும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், கையில் ஆவணம் இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். தேசியக் காப்பீட்டுப் பதிவை வரித்துறையிடம் கேட்டு வாங்கலாம். பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று, மருத்துவப் பதிவு, கோயில் சங்கத்தின் உறுப்பினர் பதிவு, உடன் வேலை செய்தவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம். இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார் என்று நினைவில் உள்ளதை வரிசையாக எழுதித் தருவதும் சான்றுதான். இயன்றால் சட்ட உதவி மையம் ஒன்றின் துணையை நாடுங்கள். முதல் பதில் மறுப்பாக வந்தால் மறுஆய்வு கேளுங்கள்.

நிரூபண அளவு இயற்கை விதி அல்ல. அதை மனிதர்கள் எழுதினார்கள், மனிதர்கள் திருத்தினார்கள். 2020இல் கையேட்டின் சில வரிகள் மாறியதும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அந்த வரிகளை அரசு தானாக மாற்றவில்லை. மறுக்கப்பட்டவர்கள் மறுபடி கேட்டதாலும், அவர்களுக்காகப் பலர் குரல் கொடுத்ததாலும் மாறின. இன்னும் மாற வேண்டிய வரிகள் இருக்கின்றன; அவற்றையும் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.